கத்தரீனாவின் வீட்டில் விலை பேசிய நாள்கள்

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஒருவர் இறந்துபோனால், நகரின் அறச்சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். இறந்தவருடைய மேலாடைகளுள் சிறந்த ஒன்றையோ, அதற்கு ஈடான பணத்தையோ ஏழைகளுக்கென்று அதில் இடவேண்டும் என்பது ஊர்வழக்கு. வசதியுள்ள வீடுகள் தாராளமாகவே இட்டன. 1675ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஊதே லாங்கன்டைக் என்னும் வாய்க்கால் தெருவில் இருந்த ஒரு வீட்டுக்கும் சாவு காரணமாக இவ்வழக்கு நேர்ந்தது. அறச்சாலையின் ஏட்டில் அவ்வீட்டுப் பெயருக்கு எதிரே இருக்கும் குறிப்பு மிகச் சிறியது. பெறுவதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

அங்கே இறந்தவர் யோகான்னஸ் வெர்மீர் என்னும் ஓவியர். வயது 43. இன்று உலகின் பெரிய கலைக்கூடங்கள் பெருமையோடு காத்துவரும் அவர் ஓவியங்கள் ஏறத்தாழ முப்பத்தைந்துதாம். டிசம்பர் 15ஆம் நாள் அவரைப் பழைய கோவிலில் அடக்கம் செய்தார்கள். மாமியார் வாங்கி வைத்திருந்த கல்லறை அது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அதே குழியில் புதைத்த அவருடைய பச்சைக் குழந்தையின் பெட்டியை வெளியே எடுத்துத் தந்தையின் பெட்டிமேல் வைத்து மூடினார்கள். வீட்டில் எஞ்சியவர்கள் மனைவி கத்தரீனா போல்னஸ், மாமியார் மரியா தின்ஸ், பதினொரு பிள்ளைகள். அப்பிள்ளைகளுள் பத்துப் பேர் வயதுக்கு வராதவர்கள்.

பங்குப் பணியில் இருக்கும் நாம் சாவு வீட்டுக்கு இருமுறை போகிறோம். அடக்கத்தன்று ஒருமுறை. முப்பதாம் நாள் பூசை முடிந்து, பீரோ திறக்கப்பட்டு, நகையும் பத்திரமும் கட்டிலும் தையல் இயந்திரமும் நடுக்கூடத்துக்கு வரும்போது இன்னொருமுறை. இரண்டாம் முறை போவதே நமக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது. அழுகை அடங்கிவிட்ட வீட்டில் விலை பேசும் குரல் மிகத் தெளிவாகக் கேட்கும். அதனால்தானோ என்னவோ, வெர்மீரின் ஓவியங்களைவிட அவர் இறந்தபின் அவ்வீட்டில் நடந்தவை நம்மை நீண்ட நாளாக ஈர்த்து வைத்திருக்கின்றன. அவை யாவும் டெல்ஃப்ட் நகர நோட்டரிகளின் ஏடுகளில் கிடக்கின்றன. அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் ஜான் மைக்கேல் மோன்டியாஸ் அவற்றைத் தாள்தாளாகப் புரட்டி, 1989இல் ஒரு பெரிய நூலாக்கினார்.

அந்த வீடு இருந்த மூலைக்குப் ‘பாப்பு மதத்தார் மூலை’ என்று பெயர். கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்ற அன்றைய ஒல்லாந்தில் உரிமை இல்லை. மாதா கோவில் என்று தெருவுக்குத் தெரியாதபடி, சாதாரண வீட்டின் சுவருக்குள் பூசை நடக்கும். இயேசு சபையார் நடத்திய அப்படியொரு மறைவான கோவில் வெர்மீர் வாழ்ந்த வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. வெர்மீர் சீர்திருத்த சபைக் குடும்பத்தில் பிறந்தவர். 1653இல் கத்தரீனாவை மணந்தபோது அவர் கத்தோலிக்கரானார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைகளில் ஒருவனுக்கு இஞ்ஞாசி என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் வாசகர்களுக்கு ஒல்லாந்தர் என்றால் நினைவுக்கு வருவது வேறு. 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கோவில்களைப் பறித்துக்கொண்ட கும்பினியார் அவர்கள். அக்கும்பினியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில்தான் இருந்தது. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர் பட்ட பாட்டைச் சற்று மென்மையான அளவில் அந்த ஊர்க் கத்தோலிக்கரும் பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இடையிலே சொல்லிவைக்கிறோம்.

வெர்மீர் சோம்பேறியும் அல்லர், அறியப்படாதவரும் அல்லர். ஓவியர்களின் பாதுகாவலரான புனித லூக்காவின் பெயரால் அமைந்த சங்கத்துக்கு இருமுறை தலைவர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். (லூக்கா மாதாவை வரைந்தார் என்னும் மரபு நமக்குப் புதிதல்ல. பரங்கிமலைக் கோவிலில் உள்ள மாதா படம் அவர் கைவண்ணம் என்றே நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.) தம் ஓவியத்தோடு பிறர் ஓவியங்களையும் வாங்கி விற்கும் தொழிலும் அவருக்கு இருந்தது. பொருளின் மதிப்பை அறிந்தவர் என்ற பெயரும் இருந்தது. 1672 மே மாதத்தில், பிரான்டன்பர்க் சிற்றரசருக்கு விற்கப்பட்ட சில இத்தாலிய ஓவியங்கள் உண்மையானவைதாமா என்று வழக்கு எழுந்தபோது, ஹேக் நகருக்கு அவரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவரும் உடன் வந்த ஓவியரும் பார்த்துவிட்டு, இவை வெறுங்குப்பை, கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறா என்று நோட்டரிமுன் வாக்குமூலம் தந்தார்கள். பிறர் பொருளுக்கு அப்படித் துணிந்து விலை சொன்னவரின் வீட்டுக்குள் நான்கு ஆண்டுகள் கழித்து வேறு மனிதர்கள் பட்டியல் எழுத வந்தார்கள்.

1672ஐ ஒல்லாந்தர் இன்றும் ‘பேரழிவு ஆண்டு’ என்றே குறிப்பிடுவர். பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி படையெடுத்தான். அவனைத் தடுக்க, கரைகளை உடைத்து வயல்களுக்குள் நீரை விட்டார்கள். நாடு தப்பியது. ஆனால் மரியா தின்ஸ் குத்தகைக்கு விட்டிருந்த நிலங்களும் நீருக்குள் போயின, வருமானம் நின்றது. சோற்றுக்கே வழி தேடும் காலத்தில் ஓவியம் வாங்க யார் வருவார்? வெர்மீரின் படமும் விற்கவில்லை, விற்பனைக்கென்று வாங்கி வைத்திருந்த பிறர் படங்களும் விற்கவில்லை. விற்றவையும் நட்டத்துக்கே போயின. 1675 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் 1000 கில்டர் கடன் வாங்கினார். ஒரு தேர்ந்த கைவினைஞர் ஆண்டு முழுவதும் உழைத்தால் 250 அல்லது 300 கில்டர் கிடைத்த காலம் அது. பிற்பாடு கத்தரீனா அதிகாரிகளுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், கணவர் பிள்ளைகளின் பாரத்தையும் வறுமையையும் மனத்தில் அடக்கி அடக்கி, ஒன்றரை நாளுக்குள் நல்ல உடம்போடு இருந்தவர் பிணமாகிவிட்டார் என்று கூறியிருக்கிறார். சட்டத்தின் மொழியில் எழுதிய தாள்களுக்கு நடுவே அந்த ஒன்றரை நாள் நம்மை நிறுத்திவிடுகிறது.

கணவர் அடக்கமாகி ஆறு வாரம் ஆனபோது, 1676 ஜனவரி 27இல், முதல் விலை பேசப்பட்டது. ரொட்டி சுடும் ஹென்ட்ரிக் வான் பைட்டனுக்கு 617 கில்டர் பாக்கி இருந்தது. இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்று ஆண்டு ரொட்டிக் கணக்கு அது. அதற்கு ஈடாகக் கத்தரீனா வெர்மீரின் இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். ஒன்றில் இருவர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கடிதம் எழுதுகிறார். மற்றொன்றில் ஒருவர் யாழ் போன்ற கருவியை மீட்டுகிறார். ஒப்பந்தத்தில் ஒரு கட்டளையும் உண்டு. ஆண்டுக்கு 50 கில்டர் வீதம் கத்தரீனா கடனை அடைத்து வந்தால் ஓவியங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ரொட்டிக்காரரை நினைக்குந்தோறும் நமக்கு மரியாதை உண்டாகிறது. கடன்காரர் என்றாலே கழுத்தைப் பிடிப்பவர் என்று எழுதும் கதைகள்தாம் நாம் படித்தவை. இவரோ ஒரு படத்துக்கு 300 கில்டருக்கு மேல் மதிப்புக் கொடுத்தார், மீட்டுக்கொள்ளவும் வழி விட்டார். வெர்மீர் உயிரோடிருந்த 1663இல் மோன்கோனி என்ற பிரெஞ்சுப் பயணி டெல்ஃப்டுக்கு வந்தபோது ஓவியர் வீட்டில் காட்டப் படமே இல்லை. ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் ஒன்றைப் பார்த்தார். ஒரே ஆள் உள்ள அப்படத்துக்கு 600 லிவர் கொடுத்தேன் என்றார் ரொட்டிக்காரர். அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்திருந்தாலே அதிகம் என்று பயணி தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த ரொட்டிக்காரர் வான் பைட்டனாகவே இருக்கக்கூடும் என்பர் ஆய்வாளர். படித்த பயணியைவிட அடுப்படியில் நின்றவருக்குக் கண் கூர்மையாக இருந்திருக்கிறது. 1701இல் அவர் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தபோதும் வெர்மீரின் ஓவியங்கள் அங்கே இருந்தன.

பிப்ரவரி 10ஆம் நாள் இரண்டாம் விற்பனை. இது முதலாவதைப் போல் இல்லை. வெர்மீர் வாணிகத்துக்கென வைத்திருந்த 26 ஓவியங்களையும் ஹார்லெம் நகரத்து வியாபாரி யான் கூலென்பியர் என்பவருக்கு 500 கில்டருக்குக் கொடுத்தார்கள். அப்பணம் கடைக்காரி யானட்யே ஸ்டீவன்சுக்குச் சேரவேண்டிய பாக்கிக்கு ஈடு. வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்கு 19 கில்டர். பெரும்பாலும் பிறர் வரைந்தவை என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்ட சரக்கின் விலைதான் அது. இறந்தவர் வீட்டில் பொருளின் விலையைப் பொருள் நிர்ணயிப்பதில்லை, தவணை நிர்ணயிக்கிறது. ரொட்டிக்காரர் காத்திருக்கத் தயாராக இருந்தார், ஒரு படம் 300 கில்டர் பெற்றது. கடைக்காரியால் காத்திருக்க முடியவில்லை, ஒரு படம் 19க்குப் போயிற்று.

பிப்ரவரி 29ஆம் நாள் நோட்டரியின் எழுத்தர் வீட்டுக்கு வந்து அறை அறையாக நடந்து பட்டியல் எடுத்தார். பட்டியல் இரு பிரிவாக இருக்கிறது. கத்தரீனாவுக்கு மட்டும் உரியவை ஒரு பக்கம், தாயும் மகளும் பாதிப் பாதியாக உரிமை கொண்டவை இன்னொரு பக்கம். பெரிய கூடம், உள் சமையலறை, மேல் மாடி என்று வரிசை போகிறது. வெள்ளை மென்மயிர் வைத்துத் தைத்த மஞ்சள் பட்டு மேலாடை ஒன்று காணப்படுகிறது. வெர்மீரின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் அதை உடனே அறிந்துகொள்வார்கள். முத்துமாலையைக் கழுத்தில் வைத்துப் பார்க்கும் பெண், கடிதம் எழுதும் பெண், கிட்டார் வாசிக்கும் பெண் என்று பலருக்கும் அவர் உடுத்திவிட்டது அந்த ஒரே ஆடைதான். பாடுபட்ட ஆண்டவரின் பெரிய ஓவியம் ஒன்று, வெரோணிக்காவின் படம் ஒன்று, கருங்காலிச் சிலுவை ஒன்று என்று அக்குடும்பத்தின் மறைந்த பக்தியும் பொருளோடு பொருளாக எழுதப்பட்டிருக்கிறது.

மேல் மாடியில் முன்னறைதான் ஓவியர் வேலை செய்த இடம். இரண்டு ஓவியத் தாங்கிகள், மூன்று வண்ணத் தட்டுகள், பத்துத் துணிச் சட்டங்கள், ஒரு மேசை, ஓர் இழுப்பறை அலமாரி. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்த எழுத்தர், கடைசியில், தனித்தனியே எழுதும் தகுதியற்ற தட்டுமுட்டுகள் சில என்று எழுதி அந்த அறையை முடித்துவிட்டார். வெர்மீர் எப்படித் தம் ஓவியங்களுக்கு முன்வரைவு செய்தார் என்று அறிய உலகம் இன்று துடிக்கிறது. அவர் கைப்பட்ட கோட்டோவியம் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. எழுத்தர்மேல் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிப்ரவரிக் குளிரில், பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, விரல் விறைத்துப்போய் எழுதிய கைதானே அது.

பட்டியல் எடுப்பதற்கு ஐந்து நாள் முன்பு, பிப்ரவரி 24இல், வேறொன்று நடந்திருந்தது. கத்தரீனா ஓர் ஓவியத்தை மட்டும் தம் தாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தாயிடம் பட்ட கடனில் ஒரு பகுதிக்கு ஈடாகக் கொடுப்பதாகப் பத்திரம் கூறுகிறது. ‘ஓவியக் கலை’ என்று அப்படத்தை அப்பத்திரமே பெயரிடுகிறது. முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஓவியர் ஒருவர், நீல ஆடையணிந்து நிற்கும் பெண்ணை வரைந்துகொண்டிருக்கிறார். சுவரில் பெரிய நிலப்படம் தொங்குகிறது. வெர்மீர் தம் வாழ்நாளில் அதை யாருக்கும் விற்காமல் தம்மோடு வைத்திருந்தார். இத்தனை கடன் இருந்தும் விற்காத படம்.

ஏப்ரலில் கத்தரீனா தம்மால் கடன் தீர்க்க முடியாது என்று உயர்நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். செப்டம்பர் 30இல் நகர ஆட்சியாளர் சொத்துக்குப் பொறுப்பாளராக ஒருவரை அமர்த்தினர். அவர் பெயரை நம் வாசகர் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். துணி வியாபாரியும் நுண்ணோக்கியால் உலகப் புகழ் பெற்றவருமான லூவன்ஹாக் அவர். வெர்மீரும் அவரும் 1632இல் சில நாள் இடைவெளியில் அதே ஊரில் பிறந்தவர்கள். பொறுப்பேற்ற ஒன்பதாம் நாள், அக்டோபர் 9இல், நீர்த்துளிக்குள் தாம் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றி இலண்டன் அறிவியல் கழகத்துக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் புறப்பட்டது. கண்ணுக்குத் தெரியாததை எண்ணிப் பார்த்தவர் கணக்கிலும் விடாக்கண்டராகவே இருந்தார். கடைக்காரிக்கு ஈடாகப் போன 26 படங்கள்மேல் வழக்காடி, 1677 பிப்ரவரியில் 342 கில்டர் கொடுத்து அவற்றை மீட்க உடன்பாடு செய்துகொண்டார். கடன்கொடுத்தோர் பொருட்டு லூக்கா சங்க மண்டபத்தில் ஓவியங்களை விற்க நாள் குறித்தார். அவ்விற்பனைக்குரியவற்றுள் ‘ஓவியக் கலை’யையும் சேர்த்தார். மரியா தின்ஸ் நோட்டரி வழியாக மறுப்பு அனுப்பினார்.

யார் பக்கம் நியாயம்? குருமடத்தில் ஒழுக்கவியல் வகுப்பில் நாம் படித்த முறைப்படி பார்த்தால் விடை கடினமன்று. இறந்தவரின் சொத்து முதலில் கடன்கொடுத்தோருக்குச் சேரவேண்டும். அதன் பின்னரே வாரிசுகளுக்கு. ரொட்டிக்கும் துணிக்கும் பணம் வரவேண்டியவர்களை விட்டுவிட்டு, பட்டியல் எழுதுவதற்கு ஐந்தே நாள் முன்பு சிறந்த பொருளைத் தாயின் பெயருக்கு மாற்றுவது, கடனே இருந்தாலும், முறையில்லாதது. மரியா தின்ஸ் பண விவகாரத்தில் கைதேர்ந்தவர் என்பதை அவருடைய பிற பத்திரங்களும் காட்டுகின்றன. லூவன்ஹாக் தம் கடமையைச் செய்தார். யானட்யே ஸ்டீவன்சும் கடை நடத்திப் பிழைத்த பெண்தான், அவர் பணமும் பணமே. பங்கில் இப்படிக் கேட்டு வருபவர்களுக்கு நாமும் கடனை முதலில் அடையுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

சொல்லி அனுப்பியபின் ஒவ்வொரு முறையும் மனம் சற்று உறுத்தியிருக்கிறது. கத்தரீனா பணமாக்கக்கூடிய பொருளைத்தான் ஒளிக்க நினைத்திருந்தால், எளிதில் விற்கும் சிறிய படங்களை மறைத்திருக்கலாம். அவர் காப்பாற்ற முயன்றது வெர்மீர் ஒருபோதும் விற்காத படத்தை. இருபத்திரண்டு ஆண்டு உடன் வாழ்ந்தவர் மேல் மாடியில் முதுகு காட்டி அமர்ந்து வரைந்த காட்சியைத்தான் அந்தப் பெண் கைவிட மறுத்தார். சட்டத்துக்கு முன் அது ஒரு மாற்றுப் பத்திரம். பிள்ளைகளின் வயிற்றுக்கும் கணவரின் நினைவுக்கும் நடுவே நின்று எழுதிய பத்திரம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இப்போதெல்லாம் கடனை முதலில் அடையுங்கள் என்று சொல்வதற்கு முன், இந்த வீட்டில் விலை பேசக் கூடாத பொருள் எது என்று ஒருமுறை கேட்டுவிடுகிறோம். கேட்டவுடனே பெரும்பாலும் ஒரே பதில் வருவதில்லை, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் விலை பேசும் குரல் கொஞ்ச நேரம் அடங்குகிறது.

இருபது ஆண்டு கழித்து இன்னொரு சாவு வீட்டின் சொத்து விற்பனைக்கு வந்தது. வெர்மீரின் படங்களைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தவர்கள் டெல்ஃப்டின் வான் ரைவன் தம்பதியர். அவர்கள் மகளை மணந்த அச்சக உரிமையாளர் யாக்கோபு டிசியஸ் 1695இல் இறந்தபின், 1696 மே 16இல் ஆம்ஸ்டர்டாமில் 134 ஓவியங்கள் ஏலம் போயின. அவற்றுள் 21 வெர்மீர் வரைந்தவை. பால் ஊற்றும் பணிப்பெண் 175 கில்டர். டெல்ஃப்ட் நகரின் தோற்றம் 200 கில்டர், அன்றைய அதிக விலை இதுதான். தராசு பிடித்து நிற்கும் பெண் 155. முகம் மட்டும் தீட்டிய சிறுபடம் ஒன்று 17 கில்டருக்குப் போயிற்று. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1500 கில்டர்.

அதற்குப் பின்னும் விலைகள் ஏறியும் இறங்கியும் விளையாடின. டெல்ஃப்ட் நகரின் தோற்றத்தை 1822இல் ஒல்லாந்து அரசு 2900 கில்டருக்கு வாங்கியது. ‘ஓவியக் கலை’ 1813இல் வியன்னாவில் 50 ஃப்ளோரினுக்குக் கைமாறியது. அப்போது அது வேறோர் ஓவியருடையது என்று எண்ணினார்கள். 1940இல் அதை இட்லர் வாங்கினான். போருக்குப் பின் வியன்னா அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. முத்துத் தோடு அணிந்த இளம்பெண்ணின் படம் 1881இல் ஹேக் நகர ஏலத்தில் எத்தனைக்குப் போயிற்று தெரியுமா? இரண்டு கில்டர் முப்பது காசு.

இவை எதையும் கத்தரீனா அறியார். தாய் மரியா தின்ஸ் 1680இல் இறந்தார். கத்தரீனா பிள்ளைகளோடு மேலும் ஏழு ஆண்டு கடன் சுமந்து வாழ்ந்தார். புனித யோசேப்பு வாஸ் ஒல்லாந்தர் கண்ணுக்கு மறைந்து யாழ்ப்பாணத்தில் கரையேறிய அதே 1687ஆம் ஆண்டின் கடைசி நாள்களில், டெல்ஃப்டின் மறைவான கோவிலைச் சேர்ந்த ஒரு குருவிடம் கத்தரீனா இறுதி அருளடையாளங்களைப் பெற்றுக்கொண்டார். 1688 ஜனவரி 2ஆம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள்.